சரிபார்க்காதே என்று நான் தட்டிய நாள்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்தும். கரவெட்டியிலிருந்து காலை பஸ்ஸில் நின்றபடியே யாழ்ப்பாணம் வந்து இறங்கும்போது பாதிக் கோபம் ஏறியிருக்கும். மீதியைக் கந்தோரில் இருக்கிறவர்கள் ஏற்றிவிடுவார்கள். ஒரு புடவைக் கடைக்கு மேலே இரண்டு அறை, நான்கு பேர், மென்பொருள் எழுதுகிற வேலை. நான்தான் பொறுப்பு. எனக்குக் கீழே வேலை செய்தவர்களில் ஒருவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர், குருநகர்க்காரர். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். வேலையில் அவசரம் வந்தால் இந்த அண்ணை, தங்கச்சி எல்லாம் எனக்கு மறந்துபோகும்.

அந்த வருடம் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்துக்காக ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வள்ளம் புறப்படும்போது கரையில் உள்ள சங்க அறையில் பதிவார்கள், எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதையும் சேர்த்து. சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் வீட்டுக்கு ஒரு குறுஞ்செய்தி போகும். அதுவரை வள்ளம் பிந்தினால் சங்கத்திலிருந்து யாராவது சைக்கிளில் போய் வீட்டு வாசலில் நின்று சொல்லவேண்டும். அந்த வேலைக்கு ஒருவரும் விரும்பிப் போவதில்லை என்று செயலாளர் சொன்னார். சைக்கிள் படலையில் நின்றாலே உள்ளே அழுகை தொடங்கிவிடுமாம்.

இப்படி ஒன்றை எழுதும்போது செய்தி உண்மையிலேயே போகிறதா என்று அடிக்கடி அனுப்பிப் பார்க்கவேண்டும். அதற்குப் பொய் இலக்கம் போட எங்கள் ஒருவருக்கும் மனம் வராது. பொய் இலக்கத்துக்கு அனுப்பினால் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று யார் சொல்வது? ஆளாளுக்குத் தங்கள் வீட்டு இலக்கத்தைப் போட்டுவிடுவோம். நான் என் அக்காவின் இலக்கத்தைப் போட்டேன். அண்ணை தன் தாயின் இலக்கத்தைப் போட்டார், கூடவே கடலுக்குப் போகிற தன் தம்பியின் வள்ள இலக்கத்தையும். செய்தியில் "இது சோதனை" என்ற இரண்டு சொல் மட்டும்தான் இருக்கும். போன கையோடு தாய் அழைப்பா. "மோனை, வந்திட்டுது. சோதனை எண்டு கிடக்கு." ஒவ்வொரு தடவையும் அவ எடுத்துச் சொல்வா, அவர் ஒவ்வொரு தடவையும் "சரியம்மா, வையுங்கோ" என்பார்.

ஒரு நாள் காலை ஏதோ பிழையில் என் அக்காவுக்கு நாற்பது சோதனை ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டது. அவ அப்போது ஒரு செத்த வீட்டில் இருந்தா. "உனக்கென்ன விசரே? பிரேதத்துக்குப் பக்கத்திலை நிண்டு டிங் டிங் எண்டு அடிக்குது!" என்று பொரிந்து தள்ளினா. அன்றே முடிவெடுத்தேன், இனிமேல் ஒரு தொலைபேசி இலக்கமும் நாங்கள் எழுதும் நிரலுக்குள் இருக்கக்கூடாது.

நாங்கள் எழுதியதைத் திட்டத்தின் பொதுச் சேமிப்பில் பதிவதைக் கொமிட் செய்வது என்போம். அப்படிப் பதியும் முன் கணினியே எல்லாவற்றையும் ஒருமுறை துழாவிப் பார்த்து, பிழை இருந்தால் பதியவிடாமல் மறிக்கும்படி செய்யலாம். அதை அமைக்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது. நிரலுக்குள் இலக்கம் கிடந்தால் மறிக்கும், எழுத்து ஒழுங்கு குழம்பினால் மறிக்கும், எங்கள் சிறு சோதனைகளில் ஒன்று தவறினாலும் மறிக்கும். எங்கள் கிழட்டுக் கணினிகளில் இது முடிய நான்கு நிமிடம் ஆகும். ஒரு சொல்லைத் திருத்தினாலும் நான்கு நிமிடம்தான்.

அண்ணைக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "செக்பொயின்ற்றிலைகூட என்னை இவ்வளவு நேரம் மறிச்சு வச்சிருக்கேல்லை, தங்கச்சி," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கட்டளையின் கடைசியில் ஒரு சொல் சேர்த்தால் இந்தச் சோதனை நடக்காமலே பதிந்துவிடும். சரிபார்க்காதே என்பதுதான் அந்தச் சொல்லின் அர்த்தம். "ஆராவது அதைத் தட்டினியளோ, எனக்கு உடனை தெரியவரும். பிறகு நடக்கிறதைப் பாருங்கோ," என்றேன், அவரையே பார்த்துக்கொண்டு. உண்மையில் எனக்குத் தெரியவராது. சும்மா வெருட்டினேன்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு கறண்ட் போய்விட்டது. மற்ற இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கந்தோரில் இருக்கிற பற்றரி ஒரு கணினிக்கும் இணையத்துக்கும் மட்டும்தான் தாங்கும். அந்த வயர் அண்ணையின் மேசைக்குத்தான் இழுத்திருந்தது. கறண்ட் இல்லாவிட்டால் எல்லோரும் முறைவைத்து அவருடைய கதிரையில் இருந்து வேலை செய்வது எங்கள் வழக்கம். யார் தட்டினாலும் பதிவில் அவருடைய பெயர்தான் விழும். அதை ஒருவரும் ஒரு குறையாக நினைத்ததில்லை. அன்று அவர் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்றிவரப் போயிருந்தார்.

அப்போது சங்கச் செயலாளர் தொலைபேசி எடுத்தார். அடுத்த நாள் கூட்டமாம். "சோதனை சோதனை எண்டு வந்தால் எங்கடை சனம் சிரிக்கும் பிள்ளை. உண்மையான வசனத்தை இண்டைக்கே போட்டுவிடுங்கோ." வசனத்தை அண்ணை காலையிலேயே எழுதி வைத்திருந்தார். பதிவதுதான் பாக்கி. நான் அவருடைய கதிரையில் இருந்து கொமிட் கொடுத்தேன். நான்கு நிமிடம் துழாவிவிட்டுச் சிவப்பில் மறித்தது. ஒரு கோப்பில் தொலைபேசி இலக்கம் இருக்கிறது என்றது. யாருடைய இலக்கம் என்று பார்த்த உடனேயே தெரிந்தது. காலையில் எதையோ அனுப்பிப் பார்க்க அவர் தாயின் இலக்கத்தைத் திரும்பவும் போட்டிருக்கிறார். பிறகு எடுக்கலாம், மறந்தாலும் சோதனை பிடிக்கும் என்று விட்டிருக்கிறார்.

பற்றரி கீக் கீக் என்று கத்தத் தொடங்கியது. இலக்கத்தை அழிக்க அரை நிமிடம் போதும். ஆனால் திரும்பவும் நான்கு நிமிடம் காக்கவேண்டும், பற்றரி அதுவரை நிற்காது. எனக்கு அண்ணைமேல் கோபம், செயலாளர்மேல் கோபம், நானே செய்து வைத்த சோதனைமேலும் கோபம். ஒரு இலக்கம் கிடந்தால் என்ன குடி முழுகிப்போகும், நாளைக்கு எடுப்போம் என்று நினைத்தேன். சரிபார்க்காதே என்று தட்டினேன். ஒரு நொடியில் போய்விட்டது. செயலாளருக்கு எடுத்து முடிந்தது என்று சொன்னேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்போடு பஸ் ஏறினேன்.

புதிதாக எது பதிந்தாலும், இணையத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த சேவர் கணினி எல்லாவற்றையும் ஒரு தடவை தானாக ஓட்டிப் பார்க்கும். அதையும் அமைத்தவள் நான்தான். அது அந்தக் கோப்பில் இருந்த இலக்கத்தை எடுத்தது, கூடவே கிடந்த தம்பியின் வள்ள இலக்கத்தை எடுத்தது, புது வசனத்தை எடுத்தது. குருநகரில் ஒரு தாயின் கைபேசிக்கு, அவவின் இளைய மகனுடைய வள்ள இலக்கத்தோடு, படகு உரிய நேரத்தில் கரை திரும்பவில்லை என்று செய்தி போனது. மகன் அப்போது கடலில்தான் நின்றான்.

அதன் பிறகு நடந்ததை வெள்ளிக்கிழமை காலை அண்ணை சொல்லித்தான் அறிந்தேன். அவர்களுடைய தகப்பனைக் கடல் எடுத்துப் பல வருடம். வள்ளம் கரையேறியது, ஆள் வரவில்லை. அதனால் தாய் செய்தியை வாசித்துவிட்டு யாரிடமும் கேட்கவில்லை. இளையவனுக்கு எடுத்துப் பார்த்திருக்கிறா, தொடர்பு கிடைக்கவில்லை. மூத்தவனுக்கு எடுக்கவில்லை. செருப்பும் போடாமல் கோயிலுக்குப் போய் மாதாவுக்கு முன்னால் முழங்காலில் விழுந்து நேர்த்தி வைத்துவிட்டா. அவனைக் கரையேற்றித் தா, இனி அவன் கடலில் கால் வைக்கமாட்டான். ஐந்து மணிக்கு அவன் வழமைபோல வலையும் நண்டுமாக வந்து இறங்கியிருக்கிறான். கரையில் நின்ற தாய் அவனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம்.

"அவன் முதலிலை சிரிச்சவன், தங்கச்சி," என்றார் அண்ணை. "அம்மா சொன்னதைக் கேட்டாப்பிறகுதான் சிரிப்பு நிண்டது." பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "உந்தச் சோதனை எப்பிடி அதை விட்டது?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். வாய் முந்துகிற எனக்கு அன்று வாய் வரவில்லை. "பாக்கிறன் அண்ணை," என்றேன்.

நேர்த்தி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாததல்ல. எங்கள் பக்கத்திலும் வைப்பார்கள், முதுகில் முள்ளுக் குத்தித் தூக்குக்காவடி எடுக்கிறவனை வேண்டாமென்று ஒருவரும் தடுக்கமாட்டார்கள். அவனுக்குக் கடலைத் தவிர வேறு தொழில் தெரியாது. இரண்டு சின்னப் பிள்ளைகள் வேறு. அவன் திரும்பக் கடலுக்குப் போவதா இல்லையா என்பது இனி அந்தத் தாயின் கையில், அவ கையைக் கட்டியது நான். ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் இதை நினைத்துக்கொண்டு வருவேன். கந்தோர்ப் படி ஏறியதும் வேறு முகம் வந்துவிடும்.

அதைப் பதிந்தது யார் என்று சங்கத்தில் கேட்டார்கள். பதிவில் அண்ணையின் பெயர். சோதனையைப் பற்றி அதிகம் முறைப்பட்டவரும் அவர்தானே, அவர்தான் தாண்டி அனுப்பியிருப்பார் என்று எங்கள் கந்தோரிலேயே நினைத்தார்கள். கரையில் அவரைக் கண்டால் "பெத்த தாய்க்கே சாக்கதை அனுப்பினவர் வாறார்" என்று பகிடி விட்டார்களாம். அதை எனக்குச் சொல்லும்போது அவரும் சிரிக்கத்தான் பார்த்தார். பங்குச் சுவாமியார் வீட்டுக்கு வந்து, பொய்ச் செய்தியை நம்பி வைத்த நேர்த்தி கட்டாது, விடலாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். தாய் கேட்கவில்லை. அவவுக்கு வேறு ஒரு விளக்கம் இருந்தது. மூத்தவனுடைய கையாலே அந்தச் செய்தியை அனுப்புவித்து மாதாதான் இளையவனைக் கரையேற்றியிருக்கிறா, இல்லாவிட்டால் பெற்ற பிள்ளை தாய்க்கு அப்படி ஒன்றை அனுப்புவானா என்று கேட்டாவாம்.

ஒன்பது வேலை நாள். ஒவ்வொரு காலையும் அண்ணை தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசையடிக்கு வந்து கேட்பார். "பாத்தியளே, தங்கச்சி? எப்பிடி விட்டது?" ஒவ்வொரு காலையும் நான் "பாக்கிறன்" என்றேன். ஊருக்கு உபதேசம் செய்தவள் நான். எல்லோருக்கும் முன்னால் வெருட்டியவள். அவமானத்துக்குப் பயந்துதான் பேசாமல் இருந்தேன், வேறு ஒரு காரணமும் இல்லை.

பத்தாம் நாள் தம்பிக்காரன் நேரே கந்தோருக்கு வந்தான். வெயிலில் கறுத்த பெரிய ஆள், எங்கள் சின்னக் கதிரையில் இருக்கத் தெரியாமல் நின்றுகொண்டே கதைத்தான். "அக்கா, நீங்கள்தானே இதுக்குப் பொறுப்பு. உது மெசின் விட்ட பிழை எண்டு அம்மாவுக்கு ஒருக்கா வந்து சொல்லுங்கோ. அண்ணை செய்தது எண்டு நினைச்சுத்தான் அவ பிடிவாதமாய் நிக்கிறா. மெசின்பிழை எண்டால் விடுவா." அண்ணை அதே அறையில் திரையைப் பார்த்தபடி இருந்தார். திரும்பவில்லை.

"மெசின் பிழை விடேல்லை," என்றேன். "மெசின் மறிச்சது. நான்தான் தாண்டி அனுப்பினனான். அண்ணை அந்த நேரம் இஞ்சை இல்லை."

அவன் ஒன்றும் விளங்காமல் தமையனைப் பார்த்தான். அண்ணை கதிரையை மெல்லத் திருப்பினார். "தெரியும் தங்கச்சி," என்றார். "நான் மகளை ஏத்தப் போகேக்கை பதியாமல் விட்டிட்டுப் போன வேலை, வெள்ளிக்கிழமை காலமை வந்து பாக்கப் பதிஞ்சு கிடக்கு. கந்தோர்க் கதவுத் திறப்பு உங்களிட்டை மட்டும்தானே இருந்தது. நீங்களாச் சொல்லுவியள் எண்டு ஒவ்வொரு நாளும் கேட்டுப் பாத்தன்."

ஏசியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லிக் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன். அவர் ஏசவில்லை. அந்த ஒன்பது காலைத் தேத்தண்ணியும் என் நெஞ்சில் வந்து நின்றது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் முன்னாலேயே அழுதேன்.

அன்று பின்னேரமே மூவருமாகக் குருநகருக்குப் போனோம். வீட்டு வாசலில் வலை குவிந்து காய்ந்து கிடந்தது. தாய் சின்ன உருவம். நான் வந்ததை ஒரு பெரிய விஷயமாக எடுத்து உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றி வந்தா. அதைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கறண்ட் போனது, செயலாளர் அவசரப்படுத்தியது, சோதனை மறித்தது, நான் தாண்டியது. சுத்திவளைக்காமல் சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்ததால் கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது.

"அப்ப மூத்தவன் இல்லையோ?" என்று கேட்டா.

"இல்லை அம்மா. அண்ணைக்கு உதிலை ஒண்டும் இல்லை. நான்தான்."

அவ எழும்பிப் போய் அண்ணையின் தலையைத் தடவினா. நாற்பத்தைந்து வயது ஆள் குனிந்து கொடுத்தார். "உன்னைப் போய் எத்தினை நாள் முகம் குடுத்துக் கதைக்காமல் விட்டன், மோனை," என்றா. மாதா செய்வித்தது என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டே உள்ளுக்குள் அவ அவரை மன்னிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணை அதை எனக்கு ஒருநாளும் சொல்லவில்லை.

கதவடியில் நின்ற இளையவன் இதற்காகவே காத்திருந்தான். "அப்ப விடுங்கோவன் அம்மா. மாதாவும் இல்லை, ஒருத்தரும் இல்லை. கந்தோரிலை விட்ட பிழை. மெசேஜே பொய்."

"மெசேஜ் பொய்தான்," என்றா தாய். "நான் அழுதது பொய்யோ? உன்னைத் தா எண்டு கேட்டன். அஞ்சு மணிக்கு உன்னைக் கண்டன். கையிலை வாங்கினாப்பிறகு, நான் கேக்கேல்லை எண்டு சொல்லுறதோ?"

"சுவாமியாரே விடலாம் எண்டு சொன்னவர்தானே!"

"சுவாமிக்குப் பிள்ளை இல்லை."

அவன் வெளியே போய்விட்டான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவ என் கோப்பையைக் காட்டி, "ஆறுது பிள்ளை, குடியுங்கோ," என்றா. குடித்தேன். சீனி கூடிய தேத்தண்ணி.

திங்கட்கிழமை எல்லோரையும் கூட்டி நடந்ததைச் சொன்னேன். சங்கச் செயலாளரிடமும் போய்ச் சொன்னேன். கரையில் அண்ணையைப் பகிடி பண்ணுவது நின்றது. அதே சோதனையைச் சேவரிலும் வைத்தேன். அங்கே அந்தச் சொல்லைத் தட்டித் தாண்ட முடியாது, என்னாலும் முடியாது. யாருடைய வீட்டு இலக்கமும் இனி நிரலுக்குள் இல்லை. அண்ணை இப்போதும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறார். ஆனால் காலையில் தேத்தண்ணியை என் மேசைக்குக் கொண்டுவருவதில்லை.

தம்பிக்கு வேறு வேலை தேடிப் பார்த்தார்கள். ஒரு கடையில் சில வாரம் நின்றான், ஒத்துவரவில்லை. கடைசியில் சங்கம்தான் இரங்கிக் கரையில் உள்ள அந்தப் பதிவு அறையில் அவனை இருத்தியது. விடிய மற்றவர்களுடைய வள்ளங்கள் போவதைப் பதிவான், பின்னேரம் வருவதைப் பதிவான். எங்கள் மென்பொருளில்தான். நாங்கள் எழுதியதை எல்லோரையும்விட ஒழுங்காகப் பாவிக்கிறவன் அவன்தான். இன்றுவரை ஒரு நேரம் பிழையாகப் பதிந்ததில்லை.

சில மாதம் கழித்து ஒரு நாள் எனக்கு எடுத்தான். குரலில் கோபம் எதுவும் இல்லை, ஒரு சின்னத் திருத்தம் கேட்கிறவன்போலத்தான் கதைத்தான்.

"அக்கா, என்ரை வள்ளத்தை வித்தாச்சு. இன்னும் உங்கடை பட்டியலிலை கிடக்கு. ஒவ்வொரு விடியவும் இண்டைக்குக் கடலுக்குப் போகுதோ எண்டு கேக்குது. இல்லை எண்டு நானேதான் அமத்த வேண்டிக் கிடக்கு. அதை ஒருக்கா எடுத்துவிடுங்கோவன்."

"ஓம்," என்றேன்.

வள்ளங்களின் பட்டியல் எங்களிடம் ஒரு கோப்பாகத்தான் இருந்தது. அண்ணையைக் கேட்காமல் நானே திறந்து, அவனுடைய வள்ளம் இருந்த வரியைத் தேடி அழித்தேன். பிறகு கொமிட் கொடுத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு நான்கு நிமிடமும் காத்திருந்தேன். ஒரு பிழையும் இல்லை என்று வந்தது.